நீங்கள் எந்த டாக்டர்?

சில ஆண்டுகளுக்கு முன், கருத்தரங்கு ஒன்றை முடித்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். டிக்கெட் எடுத்துக் கொடுத்த கல்லூரிக்காரர்கள் என் பெயருக்கு முன்னால் மரியாதையாக ‘டாக்டர்’ என்று சேர்த்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி டி.டி.இ. வந்து எழுப்பினார்.

“மேடம், நீங்க டாக்டர்தானே? பக்கத்துப் பெட்டியில ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு.”

“சார், நான் தமிழ் படிச்ச டாக்டர். பிஎச்.டி.”

அவருக்குப் புரிந்தது. ஆனாலும் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப உங்க சார் டாக்டரா?”

என் கணவர் அந்த ரயிலிலேயே இல்லை. எழுந்து அவர் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. படுத்துக் கிடக்க முடியவில்லை. அங்கே அதற்குள் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, புடவை ஒன்றை மேல் படுக்கையிலிருந்து மறைப்பாகத் தொங்கவிட்டு, அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். வலி வரும்போதெல்லாம் வாய்க்குள் எண்ணினார். “இன்னும் நேரம் இருக்குத்தா, பயப்படாதே” என்றார். அடுத்த நிலையத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை அந்தப் பெட்டியில் மருத்துவம் என்று ஏதாவது நடந்ததென்றால், அது அவர் கையால் நடந்ததுதான்.

“எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“எங்க மாமியாகிட்ட. ஊர்ல எங்கள மருத்துவச்சின்னுதான் சொல்லுவாக.”

அந்த நாட்களில் நான் மொழியும் பால்பாகுபாடும் என்ற பாடத்துக்காக எஸ்பெராண்டோ பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படுக்கைக்குத் திரும்பியதும் மனம் அங்கே போயிற்று. அந்த மொழியில் என்னையும் மருத்துவரையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. பட்டம் பெற்றவர் தொக்தோரோ. நோய்க்கு மருந்து தருபவர் குராட்ஸிஸ்தோ. டி.டி.இ. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘நீங்கள் குராட்ஸிஸ்தோவா?’ என்பது. இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் அந்த அம்மா யார்? அதற்கும் அந்த மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொற்களின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அது ஒரு வீட்டின் கதையும்கூட.

எஸ்பெராண்டோவை உருவாக்கியவர் லுட்விக் ஜாமென்ஹோஃப். 1859இல் பியாலிஸ்டோக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு கூட்டத்தார் நான்கு மொழி பேசி ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த ஊர். யாருக்கும் சொந்தமில்லாத, ஆகவே எல்லோருக்கும் சமமான ஒரு பொதுமொழி இருந்தால் இந்தப் பகை குறையும் என்று சிறுவயதிலேயே அவர் நம்பினார்.

தொழிலால் அவர் மருத்துவர். மாஸ்கோவிலும் வார்சாவிலும் படித்து 1885இல் பட்டம் பெற்றார். முதலில் லித்துவேனியாவின் வெய்செயெய் என்ற சிற்றூரில் பொது மருத்துவம் பார்த்தார். அங்கே காய்ச்சலில் இறந்துபோன ஒரு சிறுமியும், அவள் தாயின் அழுகையும் அவரை வெகுவாகப் பாதித்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு கண் மருத்துவத்துக்கு மாறினார். பல ஆண்டுகள் வார்சாவின் ஏழை யூதர்கள் வாழ்ந்த பகுதியில், குறைந்த கட்டணத்துக்குக் கண் பார்த்தே காலம் கழித்தார்.

1887 ஜூலையில் அவருடைய முதல் நூல் வார்சாவில் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. சொந்தப் பெயரைப் போடவில்லை. ‘தொக்தோரோ எஸ்பெராண்டோ’ என்று போட்டார். எஸ்பெராண்டோ என்றால் நம்பிக்கையோடு இருப்பவர். நாளடைவில் புனைபெயரே மொழிக்குப் பெயராகிவிட்டது. முன்னால் இருந்த தொக்தோரோ உதிர்ந்துபோனது.

அந்த நூலை அச்சிட்ட பணம் யாருடையது? அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கிளாரா சில்பெர்னிக்கை மணந்தார். மாமனாரின் உதவியும் கிளாரா கொண்டுவந்த சீதனமும்தான் அந்த முதல் வெளியீடுகளைத் தாங்கின. பிரதிகளை உறையிலிட்டு, முகவரி எழுதி, உலகெங்கும் அனுப்பும் வேலையில் கிளாராவின் கையும் இருந்தது. மனிதகுலத்துக்கான மொழி ஒரு பெண்ணின் சீதனத்தில் அச்சேறியது என்பதை நம் மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் சீதனம் கடைக்கு முதலாகும், தம்பிக்குப் படிப்பாகும், வீட்டுக்குக் கூரையாகும். அங்கே மொழியாயிற்று.

இனி சொல்லுக்கு வருகிறேன். எஸ்பெராண்டோ கட்டட வேலை போன்றது. வேர்ச்சொல் ஒரு செங்கல். ஒட்டுகள் மற்ற செங்கற்கள். குராட்ஸ் என்பது சிகிச்சை செய்தல் என்னும் வேர், லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குப் பேணுதல், கவனித்துக்கொள்ளுதல் என்றே முதற்பொருள். அதனோடு தொழில் செய்பவரைக் குறிக்கும் ‘இஸ்த்’ சேர்கிறது. பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும் என்பது விதி. ஆக, குராட்ஸ்-இஸ்த்-ஓ: சிகிச்சையைத் தொழிலாகக் கொண்டவர். குணமாக்குபவர் என்று அந்தச் சொல் வாக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குணமாக்குவதற்கு வேறு சொல் உண்டு. மருத்துவமனைக்கு வரும் சொல் இன்னும் சுவையானது: மல்சனுலேயோ. ‘சானா’ என்றால் நலமான. ‘மல்’ சேர்ந்தால் நலமற்ற. ‘உல்’ சேர்ந்தால் நலமற்ற ஆள். ‘எய்’ சேர்ந்தால் அத்தகையோர் இருக்கும் இடம். ஐந்து துண்டுகளில் ஓர் ஆஸ்பத்திரி.

இப்படிக் கட்டினால் மனப்பாடம் செய்யவேண்டிய வேர்கள் குறையும். முதல் நூலில் ஏறக்குறைய 900 வேர்கள்தான். ஏழைத் தொழிலாளியும் சில வாரங்களில் கற்க வேண்டும் என்பதற்காகச் செய்த சிக்கனம் அது. நல்ல நோக்கம். ஆனால் எந்த வீட்டிலும் சிக்கனம் என்று வந்தால் முதலில் யார் தட்டில் குறைகிறது என்பது நமக்குத் தெரியும்.

பாத்ரோ என்றால் தந்தை. தாய்க்குத் தனி வேர் இல்லை. தந்தையோடு ‘இன்’ என்ற பெண்பால் ஒட்டைச் சேர்த்தால் பாத்ரீனோ. ஃபிலோ மகன், ஃபிலீனோ மகள். ஃப்ராதோ சகோதரன், ஃப்ராதீனோ சகோதரி. வீரோ ஆண், விரீனோ பெண். இந்த வீரோவின் லத்தீன் மூலமும் நம்மிடம் வடமொழி வழியாக வந்த வீரனும் ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை. அங்கே பெண் என்பதற்கான சொல்லே ஆணுக்கு வால் ஒட்டிச் செய்தது. ஆணைக் குறிக்க மட்டும் எந்த ஒட்டும் தேவைப்படவில்லை. விலங்குக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மேல்: போவோ பொதுவாக மாடு, காளையைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ‘வீர்’ சேர்த்து வீர்போவோ. மாட்டுக்குக் கிடைத்த நியாயம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவருக்கும் இதே கணக்கு. குராட்ஸிஸ்தோவோடு ‘இன்’ சேர்ந்தால் குராட்ஸிஸ்தீனோ, பெண் மருத்துவர். விதிப்படி பார்த்தால் குராட்ஸிஸ்தோ என்பது தொழிலை மட்டுமே சொல்கிறது. பழக்கத்திலோ பல காலம் அது ஆணைத்தான் குறித்தது.

இதை எழுதும்போது ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1887இல் பல மொழிகளில் பெண் மருத்துவருக்குச் சொல்லே கிடையாது. மருத்துவரின் மனைவிக்குத்தான் சொல் இருந்தது. எஸ்பெராண்டோவிலோ எந்தத் தொழிலானாலும் ‘இன்’ சேர்த்துவிட்டால் பெண் உள்ளே வந்துவிடுவாள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொரு நன்மை, வினைச்சொல்லில் பால் இல்லை. தமிழில் மருத்துவன் வந்தான், மருத்துவச்சி வந்தாள் என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். அங்கே வினை யாரையும் காட்டிக்கொடுக்காது.

அந்தச் சொல் வெறும் இலக்கண வாய்ப்பாக மட்டும் இருக்கவில்லை. அந்த நூல் அச்சான அதே வார்சாவில் ஒரு குராட்ஸிஸ்தீனோ உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார். அன்னா தொமாஷேவிச்-தோப்ர்ஸ்கா. 1854இல் பிறந்தவர். வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் கதவு அவர்களுக்குத் திறந்தது 1915இல்தான். அதனால் அன்னா சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சுக்குப் போனார். 1867இல் நதேழ்தா சுஸ்லோவா என்ற ரஷ்யப் பெண் அங்கே மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று வழி திறந்திருந்தார். 1877இல் அன்னா படித்து முடித்து ஊருக்குத் திரும்பினார். வார்சா மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்துவிட்டது. தொழில் செய்யும் உரிமைக்காகப் பீட்டர்ஸ்பர்க் போய் மறுபடியும் தேர்வெழுத வேண்டியிருந்தது.

1882இல் வார்சாவில் பிரசவக் காய்ச்சல் பரவியபோது ஏழைப் பெண்களுக்காகப் பிரசவ விடுதிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று அன்னாவின் பொறுப்பில் வந்தது. 1911வரை அதை நடத்தினார். 1896இல் அறுவை மூலம் குழந்தையை எடுத்தார். வார்சாவில் அதை முதன்முதலாகச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். பெண்ணின் கை அறுவைக்கு உதவாது என்று சொன்னவர்கள் இருந்த நகரம் அது.

ஆக, சொல்லும் இருந்தது, ஆளும் இருந்தார். இடையில் இருந்ததுதான் சங்கத்தின் மூடிய கதவு. ஒரு மொழி பெண்ணுக்குச் சொல் தருவது வேறு, சமூகம் நாற்காலி தருவது வேறு. சொல் கிடைத்துவிட்டால் பாதி வென்றோம் என்று நாம் அடிக்கடி மகிழ்ந்துபோகிறோம். அன்னாவின் கதை அந்த மகிழ்ச்சியைச் சற்று நிறுத்தி வைக்கச் சொல்கிறது.

‘மனைவி’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. எட்ஸோ கணவன், எட்ஸீனோ மனைவி. பார்த்தால் வழக்கம்போல் கணவனிலிருந்து மனைவி வந்ததாகத் தோன்றும. ஆனால் ஜாமென்ஹோஃப் தந்த விளக்கப்படி நடந்தது தலைகீழ். இளவரசரின் மனைவியைக் குறிக்கும் சொல்லின் வாலைப் பிரித்தெடுத்து மனைவிக்குச் சொல் செய்தார். அதிலிருந்து ‘இன்’னை நீக்கியபோது கணவன் கிடைத்தான். பெண் முந்திக்கொண்ட அரிய இடம். அந்த இடமும் மனைவி என்னும் இடமாகவே இருப்பதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். என் டி.டி.இ.யும் என்னை மனைவியாக்கிய பிறகுதான் அந்தப் பட்டத்துக்குப் பொருள் தேடினார்.

மருத்துவச்சிக்கு வருவோம். எஸ்பெராண்டோவில் அவர் அகுஷிஸ்தீனோ. பிரசவத்தைக் குறிக்கும் வேர், தொழில் ஒட்டு, பெண் ஒட்டு. அகராதிகளில் அந்தச் சொல் பெண் வடிவத்திலேயே குடியேறிவிட்டது. நோயாளியைப் பேணும் செவிலியும் ஃப்ளெகிஸ்தீனோ என்றே நெடுங்காலம் வழங்கப்பட்டார். இங்கே மட்டும் பெண்தான் இயல்பு. சிகிச்சைக்கு ஆண், பேறுபார்க்கவும் பேணவும் பெண் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் வேலைப் பிரிவினை அப்படியே சொல்லின் வாலில் படிந்திருக்கிறது. சிகிச்சைக்கான சொல்லின் லத்தீன் மூலத்துக்கே பேணுதல் என்றுதான் பொருள் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

நம் மொழியைப் பார்த்து நாம் மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. இலக்கணப்படி மருத்துவனுக்குப் பெண்பால் மருத்துவச்சி. ஆனால் வழக்கில் இரண்டும் ஒரே தட்டில் இல்லை. மருத்துவன் ‘அர்’ விகுதி பெற்று மருத்துவர் ஆனார், கோட்டு அணிந்தார். மருத்துவச்சி பிரசவம் பார்ப்பவளாகவே நின்றுவிட்டாள். அவள் சாதி என்ன என்று ஊருக்குத் தெரியும்; அந்தச் சாதியாலேயே அவள் கைக்குப் பிள்ளை பிறக்கும் வீட்டில் இடமுண்டு, பிறந்த பிறகு திண்ணையைத் தாண்டி இடமில்லை. ‘அர்’ பொதுப்பால் என்று நான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் பெண் என்றால் ‘பெண் மருத்துவர்’, ‘லேடி டாக்டர்’ என்று முன்னால் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. என்னையும் மேடையில் ‘கவிதாயினி’ என்று அழைக்கிறார்கள். கவிதை எழுதிய கைக்கு அந்த வால் ஏன் என்று கேட்டால், மரியாதைக்கு என்கிறார்கள்.

எஸ்பெராண்டோ பேசும் பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு சிக்கல். 1905இல் ஃபுந்தமெந்தோ என்ற அடிப்படை நூல் வெளியாகி, மொழியின் அடித்தளம் அதுவே, யாரும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. ஆளாளுக்குத் திருத்தினால் மொழி சிதறிவிடும் என்ற பயம் நியாயமானதே. ஆக, பாத்ரீனோவையும் விரீனோவையும் எடுத்தெறிய முடியாது. புதிதாகச் சேர்க்கலாம், பழகும் விதத்தை மாற்றலாம்.

அந்த இரண்டையும் செய்தார்கள். 1979இல் அன்னா லோவென்ஸ்டைன் பாலினமும் சமத்துவமும் என்று பொருள்படும் ‘செக்ஸோ காய் எகலேட்ஸோ’ என்ற பெண்ணிய இதழை எஸ்பெராண்டோவிலேயே தொடங்கினார். ஆணுக்கும் ஓர் ஒட்டு வேண்டும் என்று ‘இச்’ என்பதைச் சிலர் முன்வைத்தார்கள். அதன்படி ஆண் மருத்துவர் குராட்ஸிஸ்திச்சோ ஆவார். அவன், அவள் என்னும் லி, ஷி இரண்டுக்கும் அப்பால் ‘ரி’ என்ற பால் சுட்டாத சுட்டுப்பெயர் பிறந்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் இவற்றை ஏற்கவில்லை, வாதம் நடக்கிறது. ஆனால் ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. இன்று குராட்ஸிஸ்தோ என்றால் ஆண் என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்வதில்லை. பெண் மருத்துவரும் குராட்ஸிஸ்தோதான். பால் சொல்லியாக வேண்டிய இடத்தில் மட்டும் ‘இன்’ வருகிறது. ஒரு விதியையும் உடைக்காமல், தொழிலில் நுழைந்த பெண்கள் அந்தச் சொல்லின் பொருளை மாற்றிவிட்டார்கள்.

பெண்களுக்குள்ளேயே இதில் இரு கட்சி உண்டு. வால் வேண்டாம், தொழில் ஒன்றுதான் என்பார் ஒரு சாரார். வாலை வெட்டினால் மறுபடி ஆணுக்குள் கரைந்துபோவோம், தெரியும்படி இருப்போம் என்பார் மறு சாரார். நான் எந்தப் பக்கம் என்று மாணவிகள் கேட்பார்கள். மேடையில் கவிஞர் என்று மட்டும் அழைக்கச் சொல்கிறேன். வரலாறு எழுதும்போது அன்னாவைப் பெண் மருத்துவர் என்றே எழுதுவேன். சங்கம் அவரை வெளியே நிறுத்தியது மருத்துவர் என்பதற்காக அல்ல, பெண் என்பதற்காக. அதை மறைத்து எழுதினால் சங்கத்துக்கு நன்மை செய்தவளாவேன்.

ஜாமென்ஹோஃப் வீட்டுக்கு மறுபடி போகிறேன். அவர் 1917இல் இறந்தார், கிளாரா 1924இல். மூன்று பிள்ளைகள். மகன் ஆதாம் தந்தையைப்போல் கண் மருத்துவர். மூத்த மகள் சோஃபியா குழந்தை மருத்துவர். இளையவள் லிடியா வார்சாவில் சட்டம் படித்து 1925இல் பட்டம் பெற்றார்; தந்தையின் மொழியை நாடு நாடாகச் சென்று கற்பித்தார். தந்தை செய்து வைத்த சொல்லுக்குள் மகள் சோஃபியா வந்து நின்றார்: குராட்ஸிஸ்தீனோ.

1939இல் ஜெர்மானிய நாஜிப் படை வார்சாவுக்குள் வந்தது. ஆதாமைக் கைது செய்து 1940இல் சுட்டுக் கொன்றார்கள். சோஃபியாவையும் லிடியாவையும் 1942இல் வார்சா கெட்டோவிலிருந்து திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். இருவரும் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆதாமின் மனைவி வாந்தா, அவரும் கண் மருத்துவர், தன் மகனோடு தப்பிப் பிழைத்தார். அந்த முகாமுக்குப் போன ரயிலில் ஏற்றப்பட்டவர்களை மருத்துவர், வழக்கறிஞர், தையற்காரி என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. யூதர் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் சொல் செய்ய முனைந்த மனிதரின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இது.

அதனால்தான் ஒருவரை என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணுவதில்லை. சொல் ஒருவருக்கு இடம் கொடுக்கும், இருக்கும் இடத்தைப் பறிக்கவும் செய்யும்.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தி முடித்ததும் மாணவிகளிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். அந்த ரயில் அம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். மருத்துவர் என்றே சொல்லலாம் என்றாள் ஒருத்தி. பட்டம் இல்லாதவரை அப்படிச் சொன்னால் போலி மருத்துவர் ஆகிவிடாதா என்றாள் இன்னொருத்தி. மருத்துவச்சி என்ற சொல்லையே நிமிர்த்தி மரியாதையோடு சொல்லுவோம் என்றாள் மூன்றாமவள். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் பெண் எழுந்து கேட்டாள்: “அவங்க பேரு என்ன மேடம்?”

ரயில் அட்டவணையில் அவர் பெயரும் இருந்திருக்கும், வயதும் இருந்திருக்கும். டி.டி.இ. அதைத் தேடவில்லை. நானும் அவரிடம் கற்றது எங்கே என்று கேட்டேனே தவிர, பெயரைக் கேட்கவில்லை.